ஒரே பெயர் தாங்கிய கவுண்டிகள்: அமெரிக்க வரலாற்றில் ஒரு நோக்கு

சென்ற ஆண்டு அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி நாம் எழுதிய பயிற்சிக் கட்டுரையொன்றில், ஏபிரகாம் லிங்கன்மீது அந்நாட்டு மக்கள் கொண்ட பேரன்புக்கு அவர் பெயர் தாங்கிய இருபதுக்கு மேற்பட்ட கவுண்டிகளே சான்று என்று ஒரு வாக்கியத்தைப் பெருமிதத்தோடு எழுதிவைத்தோம். கட்டுரை எமது கைக்குத் திரும்பி வந்தபோது, அவ்வாக்கியத்தின் அருகே சிவப்பு மையினால் ஓர் ஆண்டும் ஒரு கேள்விக்குறியும் மாத்திரம் இடப்பட்டிருந்தன. ‘1779?’ என்பதே அக்குறிப்பு. விரிவுரையாளர் வேறொன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் நாம் நூலகத்துக்குப் போயிருக்கமாட்டோம்.

வட கரோலினா மாநிலத்தின் லிங்கன் கவுண்டி 1779 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. ஏபிரகாம் லிங்கன் பிறந்ததோ 1809 இல். பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவருக்கு எவ்வாறு நினைவுச்சின்னம் எழுப்புவது? அந்தக் கவுண்டியின் லிங்கன் வேறொருவர். அவர் பெஞ்சமின் லிங்கன் என்னும் சேனாபதி. சுதந்திரப் போரிலே ஜோர்ஜ் வாஷிங்டனின்கீழ்ப் பணியாற்றியவர். 1781 இல் யோர்க்டவுனிலே பிரித்தானியப் படை சரணடைந்தபோது தோற்றவர்களின் வாளைப் பெற்றுக்கொண்டவர். கென்டக்கி, ஜோர்ஜியா, தெனெசி ஆகிய மாநிலங்களிலுள்ள லிங்கன் கவுண்டிகளும் இவர் பெயரால் அமைந்தவையே. தெனெசியிலுள்ளது 1809 நவம்பரில் அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் அப்பெயரை உலகறியச் செய்யவிருந்த குழந்தை அப்போது கென்டக்கிக் குடிசையொன்றிலே பத்து மாதம் கூட நிரம்பாதிருந்தது. இன்னும் வடக்கே, மேயின் மாநிலத்து லிங்கன் கவுண்டி 1760 இல் தோன்றியது. அது எந்த மனிதர் பெயரும் அன்று. இங்கிலாந்திலுள்ள லிங்கன் நகரின் பெயர்.

ஒரு கேள்விக்குறியினால் தொடங்கிய தேடல் பின்னர் எமக்குப் பித்தாகவே மாறிவிட்டது. அதிற் கண்டவற்றுட் சிலவற்றை எமது சங்க மலரின் வாசகர் முன் வைக்கின்றோம்.

முதலிற் கவுண்டி என்பது யாதெனச் சொல்லிவிடவேண்டும். நம் நாட்டு மாவட்டத்துக்கு அதனை ஒருவாறு ஒப்பிடலாம். ஆங்கிலேயர் தம் நாட்டுப் பழைய பிரிவு முறையைக் கடல் கடந்து கொண்டுசென்றனர். 1634 இல் வேர்ஜீனியாக் குடியேற்றம் எட்டுப் பிரிவுகளாக வகுக்கப்பட்டது. நீதிமன்று, சிறைச்சாலை, ஷெரிப் என்னும் காவல் அதிகாரி, காணி உறுதிகள் பதியும் அலுவலகம், வரி அறவீடு ஆகிய யாவும் கவுண்டியின் தலைநகரிலேயே இருந்தன. விவசாயி ஒருவன் காலையில் வண்டியைப் பூட்டிப் புறப்பட்டு, தன் வழக்கை முடித்துக்கொண்டு அந்திக்குள் வீடு திரும்பக்கூடிய தூரமே கவுண்டியின் அளவு என்று அங்கே சொல்வதுண்டு. இன்று ஐக்கிய நாட்டில் 3,100 க்கு மேற்பட்ட கவுண்டிகள் உள. டெக்சாஸ் மாநிலத்தில் மாத்திரம் 254, ஜோர்ஜியாவில் 159, சின்னஞ்சிறு டெலவெயரில் மூன்றே மூன்று. லூசியானாவிற் கவுண்டி என்ற சொல் வழக்கில் இல்லை. பழைய கத்தோலிக்க ஆட்சியின் எச்சமாகப் பாரிஷ் என்கின்றனர். யாழ்ப்பாணத்துப் பழைய ஏடுகளிற் காணப்படும் கோவிற்பற்று என்னும் சொல் அதற்கு மிகப் பொருந்தும்.

ஒவ்வொரு மாநிலமும் தன் கவுண்டிகளுக்குத் தானே பெயரிட்டது. அயல் மாநிலம் என்ன பெயரிட்டது என்று எவரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்தோர் தம் பழைய ஊர்ப் பெயரையும் மூட்டை முடிச்சுகளோடு சேர்த்துக் கொண்டுசென்றனர். ஆகவேதான் வாஷிங்டன் என்னும் பெயரில் முப்பது கவுண்டிகளும் ஒரு பாரிஷும் இருக்கின்றன. ஜெபர்சன், பிராங்கிளின், ஜாக்சன், லிங்கன் என்பன அதற்கு அடுத்த வரிசையில் நிற்கின்றன. வேடிக்கை என்னவெனில், வாஷிங்டன் என்று பெயர் கொண்ட மாநிலத்தில் வாஷிங்டன் கவுண்டி இல்லை!

முப்பத்தொரு வாஷிங்டன்களும் ஒரே மனிதரையே குறிப்பதாற் பொருளளவில் அவற்றிடையே வேறுபாடில்லை எனலாம். ஆயினும் அவை தோன்றிய நேரங்களை நோக்கினால் வேறுபாடு புலப்படும். மேரிலாந்து மாநிலத்தார் 1776 செப்டெம்பர் 6 ஆம் நாள் தம் பிரெடெரிக் கவுண்டியைப் பிரித்து ஒரு பகுதிக்கு வாஷிங்டன் என்றும் மற்றொன்றுக்கு மொன்ட்கோமரி என்றும் பெயரிட்டனர். அதுவரை அவர்களுடைய கவுண்டிகள் இளவரசர் ஜோர்ஜ், அரசி ஆன், பால்ற்றிமோர்ப் பிரபு குடும்பத்தார் ஆகியோர் பெயர்களையே தாங்கிநின்றன. இனி, அந்நாளில் வாஷிங்டனின் நிலை என்ன? பத்து நாட்களுக்கு முன்னர், ஓகஸ்ட் 27 இல், லோங் ஐலண்ட் போரில் அவர் படுதோல்வியடைந்திருந்தார். ஒன்பது நாட்கள் கழித்து நியூயோர்க் நகரமும் பகைவர் கைப்பட்டது. மொன்ட்கோமரியோ அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே, 1775 டிசெம்பர் 31 இல், கியூபெக் கோட்டையைத் தாக்கி அங்கேயே வீழ்ந்துபட்டவர். ஆகத் தோற்றுக்கொண்டிருந்த ஒருவர் பெயரையும் தோற்று மாண்ட ஒருவர் பெயரையும் மேரிலாந்து மக்கள் தம் மண்ணுக்கு இட்டனர். போரில் ஆங்கிலேயர் வென்றிருப்பின் அப்பெயரிட்டவர்கள் தூக்குமேடையில் அதற்கு விளக்கங் கூறவேண்டி நேர்ந்திருக்கும். வெற்றி கிட்டிய பின்னர் மாலை சூட்டுவது எவர்க்கும் எளிது. மற்றைய வாஷிங்டன் கவுண்டிகளைவிட இதனையே நாம் பெரிதாக மதிக்கின்றோம்.

வெற்றிக்குப் பின்னர் நிகழ்ந்த பெயர்மாற்றங்களும் சுவையானவையே. றோட் ஐலண்டில் அரசர் கவுண்டி எனப்பட்டது 1781 இல் வாஷிங்டன் கவுண்டியாயிற்று. அம்மக்களோ இரண்டு பெயரையும் விடுத்துத் ‘தென் கவுண்டி’ என்றே இன்றும் பேச்சில் வழங்குகின்றனர்! நியூயோர்க்கில், மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் தேவி சார்லட் பெயரால் இருந்த கவுண்டி 1784 இல் வாஷிங்டனாக மாறியது. அதே ஆண்டில் டிரையோன் கவுண்டி மொன்ட்கோமரியாக மாறியது. வில்லியம் டிரையோன் என்பவர் முதலில் வட கரோலினாவிலும் பின்னர் நியூயோர்க்கிலும் மன்னரின் தேசாதிபதியாக இருந்தவர். இரண்டு இடத்திலும் தம் பெயராற் கவுண்டி கண்டவர். இரண்டு இடத்திலும் அதனை இழந்தவர். வட கரோலினாவிலிருந்த அவருடைய கவுண்டியை ஒழித்துத்தான், மேலே நாம் கூறிய 1779 ஆம் ஆண்டு லிங்கன் கவுண்டியையும் ரதபோர்ட் கவுண்டியையும் அமைத்தனர். எமது கட்டுரையிற் சிவப்பு மையால் வந்த ஆண்டு ஒரு தேசாதிபதியின் பெயர் துடைக்கப்பட்ட ஆண்டு என்பதை அறிந்தபோது, பெற்ற குட்டு வீண்போகவில்லை என்று மகிழ்ந்தோம்.

எல்லாரும் இவ்வாறு சினந்தனர் என்பதற்கில்லை. வேர்ஜீனியா மாநிலத்தார் மன்னரை எதிர்த்துப் போரிட்டபோதும் ஜோர்ஜ் மன்னர் கவுண்டி, வில்லியம் மன்னர் கவுண்டி, சார்லட் கவுண்டி ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டனர். ‘மன்னரும் அரசியும்’ என்றே ஒரு கவுண்டி அங்கே உண்டு. அவர்களுடைய சிக்கனமோ பெருந்தன்மையோ, யாமறியோம்.

மன்னர்களைப் பேசும்போது ஒரேஞ்ச் கவுண்டிகளை மறக்கலாகாது. நியூயோர்க்கின் ஒரேஞ்ச் கவுண்டி 1683 இல் ஒல்லாந்து இளவரசரும் பின்னாளில் இங்கிலாந்தின் மூன்றாம் வில்லியம் மன்னருமான ஒரேஞ்ச் வில்லியம் பெயரால் ஏற்பட்டது. வேர்ஜீனியாவிலுள்ளது 1734 இல், அவ்வாண்டு இரண்டாம் ஜோர்ஜ் மன்னரின் மகளை மணந்த வேறொரு ஒரேஞ்ச் இளவரசர் பெயரால் ஏற்பட்டது. இவருக்கும் நமக்கும் ஒரு தூரத்துத் தொடர்பு உண்டு. இவருடைய மகன் ஐந்தாம் வில்லியம்தான், பிரெஞ்சுப் படைக்கு அஞ்சி இங்கிலாந்துக்கு ஓடி, 1795 இல் கியூ என்னும் இடத்திலிருந்து, ஒல்லாந்தக் குடியேற்றங்களைப் பிரித்தானியரிடம் விடும்படி கடிதம் எழுதியவர். அவ்வாண்டே யாழ்ப்பாணக் கோட்டை கைமாறியது. மறு ஆண்டிற் கொழும்பும் சென்றது. கலிபோர்ணியாவின் ஒரேஞ்ச் கவுண்டிக்கு இளவரசர் எவரும் வேண்டியிருக்கவில்லை. 1889 இல் லொஸ் ஏஞ்சலஸ் கவுண்டியிலிருந்து பிரிந்தபோது, தோடம்பழம் விளையும் செழிப்பான பூமி இது என்று குடியேறுவோரைக் கவர்வதற்கு அப்பெயர் இடப்பட்டது. புளோரிடாவிலும் அதே பழம்தான். ஆனால் அதற்கு முன்னர் அக்கவுண்டி கொண்டிருந்த பெயர் நுளம்புக் கவுண்டி! 1845 இல் அதனை மாற்றினர். நுளம்புக் கவுண்டியிற் காணி வாங்க வருமாறு எவரை அழைப்பது?

பிராங்கிளின் கவுண்டிகள் பெரும்பாலும் பெஞ்சமின் பிராங்கிளின் என்னும் அறிஞரைப் போற்றுவன. ஆனால் ஐடஹோவில் உள்ளது பிராங்கிளின் றிச்சட்ஸ் என்ற மோர்மன் சமயத் தலைவரின் முதற்பெயர். டெக்சாசில் உள்ளது ஒரு நீதிபதியின் பெயர். அலபாமாவின் மொன்ட்கோமரியோ இவற்றிலும் விசித்திரமானது. 1955 இல் றோசா பார்க்ஸ் அம்மையார் பேருந்தில் ஆசனத்தை விட்டெழ மறுத்த நகரம் அது என்பதை நம்மவர் பலரும் அறிவர். அந்நகரம் கியூபெக்கில் மாண்ட றிச்சட் மொன்ட்கோமரியின் பெயரைத் தாங்கியது. நகரம் அமைந்திருக்கும் மொன்ட்கோமரிக் கவுண்டியோ அவர் பெயரன்று; 1814 இல் ஹோஸ்ஷூ பென்ட் போரில் மாண்ட லெமுவேல் மொன்ட்கோமரி என்னும் இளம் படைத்தலைவரின் பெயர். நகரம் ஒருவருடையது, அதனைச் சூழ்ந்த நிலம் இன்னொருவருடையது. பலகையில் எழுத்து ஒன்றே.

அந்த ஹோஸ்ஷூ பென்ட் போரை வாசகர் நினைவில் வைத்திருக்குமாறு வேண்டுகின்றோம். பின்னர் அதற்குத் திரும்புவோம்.

இனி, ஒரே பெயர் எதிரெதிர் நோக்கங்களுக்குப் பயன்பட்ட வகையைக் காண்போம். லீ என்னும் கவுண்டி வேர்ஜீனியாவில் 1792 இல் அமைந்தது. அது அப்போதைய தேசாதிபதி ஹென்றி லீயின் பெயர். வாஷிங்டனின் குதிரைப்படைத் தலைவராகப் புகழ்பெற்றவர் அவர். அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் உள்ள லீ கவுண்டிகள் 1866 இல் அமைந்தவை. அவை ஹென்றி லீயின் மகன் றொபேட் லீயைக் குறிப்பன. தந்தை எந்த ஐக்கிய நாட்டை உருவாக்கப் போரிட்டாரோ, அந்த நாட்டுக்கு எதிராகத் தென்மாநிலப் படைகளை நடத்திய சேனாபதி மகன். அவர் சரணடைந்தது 1865 ஏப்ரிலில். ஓராண்டு சென்று சில மாதங்களுக்குள் அவர் பெயரைத் தோற்ற மாநிலங்கள் நிலத்தில் எழுதிவைத்தன.

மிசிசிப்பி மாநிலத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். அதன் படத்திலே அரை நூற்றாண்டு அரசியலை வாசிக்கலாம். 1866 இல் லீ கவுண்டி. அடுத்துப் புனரமைப்புக் காலம் வந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் வாக்களித்தனர், சட்டசபையிலும் அமர்ந்தனர். 1870 இல் அச்சபையே ஐக்கிய நாட்டு மூதவைக்கு ஹைரம் றெவல்ஸ் என்பாரை அனுப்பியது; மூதவையில் அமர்ந்த முதற் கறுப்பினத்தவர் அவரே. அதே 1870 ஏப்ரிலில் லிங்கன் கவுண்டியும் தோன்றியது. இது ஏபிரகாம் லிங்கனேதான். 1874 இல், அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்த சாள்ஸ் சம்னர் பெயரால் ஒரு கவுண்டி ஏற்பட்டது. காற்று மாறியதும் 1882 இல் அது வெப்ஸ்டர் எனப் பெயர் மாற்றப்பட்டது. 1890 இன் மாநில அரசியலமைப்பு கறுப்பின மக்களின் வாக்குரிமையைத் தந்திரமாகப் பறித்தது. 1906 இல் ஜெபர்சன் டேவிஸ் கவுண்டி அமைந்தது. ஜெபர்சன் டேவிஸ் என்பவர் பிரிந்து சென்ற தென்மாநிலங்களின் சனாதிபதி. லிங்கனின் நேர் எதிரி. கென்டக்கியிலே அவருக்கு எட்டு மாதங்கள் முந்திப் பிறந்தவர்.

லிங்கன் கவுண்டிக்கும் ஜெபர்சன் டேவிஸ் கவுண்டிக்கும் இடையே லோரன்ஸ் என்னும் ஒரேயொரு கவுண்டிதான் கிடக்கின்றது. லோரன்ஸ் கவுண்டியின் நிலத்திலிருந்து ஒரு பங்கை வெட்டி முன்னர் லிங்கனுக்குக் கொடுத்தனர். பின்னர் மறுபுறத்தில் ஒரு பங்கை வெட்டி டேவிசுக்குக் கொடுத்தனர். முப்பத்தாறு ஆண்டு இடைவெளியில், ஒரே மண்ணின் இரு பக்கத்தில், போரின் இரு தலைவர்களும் எழுந்து நிற்கின்றனர். நிலப்படத்தை விரித்து இதனைக் கண்டபோது எமக்கு வியப்பைக் காட்டிலும் மனக்கசப்பே மிகுந்தது. டேவிசின் பெயரைத் தாங்கிய கவுண்டியிலே பிறந்து வளர்ந்த கறுப்பினக் குழந்தைகள், தம் முகவரியை எழுதும்போதெல்லாம் தம் பாட்டன்மாரை அடிமையாகவே வைத்திருக்கப் போரிட்டவரின் பெயரை எழுதவேண்டியிருந்தது.

நிற்க. பெயரை மாற்றாமலே பெயரை மாற்றிய கதை ஒன்றுண்டு. பசிபிக் கரையிலே சியாட்டில் நகரம் அமைந்துள்ள கவுண்டியின் பெயர் கிங். 1852 டிசெம்பரில், அப்பகுதி ஒரிகன் பிரதேசத்தோடு சேர்ந்திருந்த காலத்தில், உப சனாதிபதியாகத் தெரிவுசெய்யப்பட்டிருந்த வில்லியம் றூபஸ் கிங் பெயரால் அதனை அமைத்தனர். அவர் அலபாமாவின் பெரும் பண்ணையார். ஏராளமான அடிமைகளை உடையவர். நோயுற்றுக் கியூபாவிலே பதவிப் பிரமாணம் செய்து, நாடு திரும்பிய உடனே, 1853 ஏப்ரில் 18 இல் உயிர் நீத்தார். அவர் பெயர் மாத்திரம் மழைக்காடுகள் நிறைந்த அந்தத் தொலைதூரக் கரையிலே நிலைத்துவிட்டது.

1986 இல் கவுண்டிச் சபையினர், இனி இப்பெயர் மார்ட்டின் லூதர் கிங் என்பாரையே குறிக்கும் என்று ஐந்துக்கு நான்கு வாக்குகளால் தீர்மானித்தனர். 1961 இல் சியாட்டிலுக்கு ஒருமுறை வந்து உரையாற்றியவர் அவர். பெயரை அமைத்தது சட்டசபையாதலால் சபையின் தீர்மானம் மாத்திரம் போதாதென்று வாதம் எழுந்தது. 2005 இல் மாநிலச் சட்டம் அதனை உறுதிசெய்தது. கவுண்டியின் சின்னமாக இருந்த மன்னர் கிரீடமும் 2007 இல் நீங்கி, லூதர் கிங்கின் திருமுகம் அவ்விடத்தைப் பெற்றது. வழிகாட்டிப் பலகைகளில் ஓர் எழுத்தும் மாறவில்லை!

2021 இல் ஐயோவா மாநிலத்து ஜோன்சன் கவுண்டியும் இவ்வழியைப் பின்பற்றியது. 1837 இல் அது அமைந்தபோது உப சனாதிபதியாக இருந்த றிச்சட் மென்டோர் ஜோன்சனைக் குறித்த பெயர் அது. அவரும் அடிமைகளை உடையவர். இப்போது அது லூலு மேர்ல் ஜோன்சன் என்னும் கறுப்பினப் பெண்மணியைக் குறிக்கின்றது. 1941 இல் அக்கவுண்டியிலுள்ள பல்கலைக்கழகத்திலேயே வரலாற்றுத் துறையிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். அவருடைய ஆராய்ச்சியின் பொருள் அடிமை முறை. வரலாறு பயிலும் மாணவர் என்ற வகையில், ஒரு மாவட்டம் முழுவதும் ஒரு வரலாற்றாசிரியையின் பெயரைத் தாங்குவது கண்டு எமக்குச் சற்றுக் கர்வமும் உண்டாயிற்று என்பதை மறைக்க விரும்பவில்லை. கன்சாஸ், டெக்சாஸ், வயோமிங் மாநிலங்களிலும் ஜோன்சன் கவுண்டிகள் உள; அவை முறையே ஒரு பாதிரியார், ஒரு படைவீரர், ஒரு வழக்கறிஞர்.

இவ்விடயத்தை எமது விடுதியில் ஒருநாள் இரவு விவாதித்தோம். நண்பர் ஒருவர், இது வெறும் சொற்சாலம் என்றார். பலகைக்கு வண்ணம் பூசுஞ் செலவைக்கூட ஏற்காமல் நீதிமான்கள் எனப் பேரெடுக்கும் மலிவான வழி என்பது அவர் வாதம். இன்னொருவர், அடிமைக்காரரின் பெயரை விட்டுவைத்தால்தானே அவர் செய்தது மறக்கப்படாது என்றார். முதலாமவர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. இரண்டாமவரோடு நாம் உடன்படவில்லை. 1986 க்கு முன்னர் சியாட்டில் மக்களுள் எத்தனை பேர் வில்லியம் றூபஸ் கிங் யாரென்று அறிந்திருப்பர்? அவர் பெயரை நீக்க முற்பட்ட தீர்மானமே அவரைப் பற்றி மக்கள் கேட்கவைத்தது. நாமும் அதனாலேயே அறிந்தோம்.

இறுதியாகச் செரோக்கிக் கவுண்டிகள். இப்பெயரில் எட்டுக் கவுண்டிகள் உள. இது எந்தத் தலைவரின் பெயரும் அன்று. ஒரு பழங்குடி மக்களின் பெயர். முன்னர் நாம் குறிப்பிட்ட ஹோஸ்ஷூ பென்ட் போரிலே அன்ட்ரூ ஜாக்சன் வெற்றி பெறச் செரோக்கியரும் அவர் பக்கம் நின்று போரிட்டனர். அவரே சனாதிபதியாகி, 1830 இல் அம்மக்களை மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் வெளியேற்றும் சட்டத்திற் கையொப்பமிட்டார். இன்று ஜாக்சன் பெயரால் இருபதுக்கு மேற்பட்ட கவுண்டிகள்!

ஜோர்ஜியா மாநிலம் 1831 டிசெம்பரில் செரோக்கியர் வாழ்ந்துகொண்டிருந்த நிலம் முழுவதையும் ஒரே கவுண்டியாக்கி, அவர்கள் பெயரையே அதற்குச் சூட்டியது. மறு ஆண்டில் அதனைப் பல கவுண்டிகளாகத் துண்டித்து, நிலத்தை வெள்ளையருக்குச் சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டது. 1838 இல் படைவீரர் அம்மக்களை வீடுகளிலிருந்து பிடித்து மேற்கே நடத்தினர். வழியிலும் முகாம்களிலும் நாலாயிரம் பேர் வரை மாண்டனர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. வட கரோலினாவின் செரோக்கிக் கவுண்டி அமைந்த ஆண்டு 1839. அதாவது மக்கள் போன மறு ஆண்டு. டெக்சாசிலோ 1839 இல் செரோக்கியரைப் போரிட்டுத் துரத்தினர். 1846 இல் அவர்கள் பெயராற் கவுண்டி அமைத்தனர். ஐயோவாவில் செரோக்கியர் வாழ்ந்ததே இல்லை. ஆயினும் அங்கும் ஒன்றுண்டு. ஆளை விரட்டிவிட்டுப் பெயரை வைத்துக்கொள்வதை நாம் போற்றுதல் என்று கொள்வதா, வேறென்ன என்று கொள்வதா?

இக்கதையிலும் நம் மண்ணுக்கு ஒரு தொடர்பு இருக்கின்றது. மிஷன் பாடசாலையிற் கற்ற எமக்கு அது நெஞ்சைத் தொட்டது. 1816 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமாரை அனுப்பியது பொஸ்டன் நகரச் சபையொன்று. அதன் செயலாளராக அப்போது இருந்தவர் சாமுவேல் வூஸ்டர். அதே சபை 1817 இல் செரோக்கியரிடமும் ஆட்களை அனுப்பியது; செயலாளர் வூஸ்டர் 1821 இல் செரோக்கி நாட்டிலேயே காலமானார். பின்னர் அங்கே பணிக்குச் சென்ற அவருடைய சகோதரரின் மகனுக்கும் சாமுவேல் வூஸ்டர் என்றே பெயர். ஒரே பெயர் தாங்கியவை கவுண்டிகள் மாத்திரமல்ல! இந்த இளைய வூஸ்டரின் உதவியோடு பொஸ்டனில் வார்த்த அச்செழுத்துகள் வந்துசேர, 1828 இல் செரோக்கியர் தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒரு பத்திரிகையைத் தொடங்கினர். யாழ்ப்பாணத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் உதயதாரகை தோன்றியது 1841 இல். செரோக்கிப் பத்திரிகைக்கான எழுத்து முறையை ஆக்கியவர் மிஷனரி அல்லர். செக்கோயா என்னும் செரோக்கியர் தாமே சிந்தித்து 1821 அளவில் அதனை வகுத்தார்.

மாநிலத்தின் அனுமதியின்றிச் செரோக்கி நாட்டில் வாழ்ந்த குற்றத்துக்காக ஜோர்ஜியா அரசு 1831 இல் வூஸ்டருக்கு நாலாண்டுக் கடூழியச் சிறை விதித்தது. மறு ஆண்டில் ஐக்கிய நாட்டு உயர் நீதிமன்றம், செரோக்கி நாட்டில் ஜோர்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை ஜோர்ஜியா பொருட்படுத்தவில்லை. 1833 சனவரி வரை அவரைச் சிறையிலேயே வைத்திருந்தது. விடுதலை பெற்றபின் அவர் மேற்கே சென்று, இன்றைய ஒக்லஹோமாவிலுள்ள பார்க் ஹில் என்னுமிடத்தில் மீண்டும் அச்சகம் நிறுவி, 1859 இல் அங்கேயே மறைந்தார்.

அந்தப் பார்க் ஹில் இருப்பதும் ஒரு செரோக்கிக் கவுண்டியிலேதான். எட்டினுள் அதில்மட்டுமே செரோக்கி மக்களின் தலைநகர் உண்டு. டாலிக்குவா என்னும் அவ்வூரின் தெருமுனைகளில், ஆங்கிலத்தோடு செக்கோயா வகுத்த எழுத்துகளிலும் தெருப்பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன.